பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 'ஃபுல் டியூனிங்' என்று சொல்லி கார்புரேட்டர் ஜெட்டில் டிரில் போடுகிறார்கள்

மதுரையில் பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு என்று எதையாவது இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள், முக்கியமாக சோலக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டிக்காரர்கள். பைபாஸ் ரோடு பக்கம் ஒரு பட்டறையில் என் பிரீமியர் பத்மினிக்கு கார்புரேட்டர் வேலை என்று 9,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளவாகப் போவதற்குத் துளை போட்ட சின்னத் திருகு) கெடுத்து அனுப்பினார்கள். பட்டறையின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை, காரணம் கீழே இருக்கிறது.

வண்டியில் இருந்த குறை சின்னதுதான். ஐட்லிங், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கும். காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சடைத்துவிட்டு அப்புறம்தான் கிளம்பும், பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனை அமுக்க ஆரம்பித்திருப்பார்கள். பட்டறைக்காரர் பானட்டைத் தூக்கி அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலைண்ணே. கார்புரேட்டர் காலி. பாம்பே மால் கிட் ஒண்ணு கைவசம் இருக்கு, அதப் போட்டு கம்ப்யூட்டர் டியூனிங் பண்ணிட்டா வண்டி பறக்கும் பாருங்க" என்றார்.

எத்தனால் கதையில் பாதி உண்மை இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றினால் கலவை கொஞ்சம் லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் குறையும்), பழைய ரப்பர் ஓஸ், டயாபிராம் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆனால் கம்ப்யூட்டர் டியூனிங்? 1089 சிசி இன்ஜின், தீப்பொறிக்கு பாயிண்ட், கண்டென்சர், ஒரு கார்புரேட்டர், இவ்வளவுதான் வண்டி. இதில் கம்ப்யூட்டரை எங்கே கொண்டுபோய்ச் செருகுவார்களோ தெரியவில்லை. அவர்கள் செய்தது, புகைப் பரிசோதனை மெஷினின் குழாயை சைலன்ஸருக்குள் விட்டு ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்ததுதான். அதற்குத் தனியாக 1,500 ரூபாய்.

அந்தச் சீட்டில் கார்பன் மோனாக்சைடு அளவு சரியாகத்தான் இருந்தது, அதுதான் விஷயமே. ஐட்லிங்கில் பெட்ரோல் பைலட் ஜெட் என்ற வேறொரு சின்ன ஜெட் வழியாகத்தான் போகும். ரோட்டில் வேகம் எடுத்த பிறகுதான் மெயின் ஜெட் வேலைக்கே வரும். மெயின் ஜெட்டை என்ன பாடு படுத்தியிருந்தாலும் நின்ற இடத்தில் எடுக்கும் சீட்டில் தெரியாது.

வண்டி முதலில் நன்றாகத்தான் இழுத்தது, மறுக்கவில்லை. அப்புறம் பெட்ரோல் நாற்றம், பிளக்கைக் கழற்றினால் கரிக்கட்டை நிறம், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 8 கொடுக்க ஆரம்பித்தது. குடும்பத்தோடு கொடைக்கானல் போகும்போது வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினோம், டம்டம் பாறைக்கு மேலே போகப் போகக் கரும்புகை. உயரத்தில் காற்று மெலிசு, ஏற்கெனவே ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருக்கும் கலவை இன்னும் ரிச் ஆகும். ஒரு கொண்டை ஊசி வளைவில் அணைந்து நின்றே விட்டது. ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அடித்து, ஒருவழியாக வண்டியைத் திருப்பி இறக்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு தெற்குவாசலில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அந்தக் காலத்து பியட் மெக்கானிக், இப்போது பட்டறை இல்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்த்துக் கொடுக்கிறார். அவர் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. முதலில் டேப்பட் (வால்வு இடைவெளி), அப்புறம் பாயிண்ட் இடைவெளி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தார், அப்புறம் தீப்பொறி விழும் டைமிங். "இதெல்லாம் சரியில்லாம ஸ்க்ரூவத் திருகி என்னப்பா பிரயோசனம்?" என்றார். பிறகு இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டரில் திரும்பும் தண்டு, அதன் ஓரமாக லேசாக அடித்தார் (சூடான இன்ஜினில் இதைப் பழகாதவர்கள் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும்). அடித்த உடனே இன்ஜின் சத்தம் மாறியது. ஸ்பிண்டில் தேய்ந்து, அந்த இடைவெளியில் காற்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. என் ஐட்லிங் குறைக்குக் காரணம் அதுதான், அதற்குப் புது புஷ் (தண்டைச் சுற்றி இறுக்கமாக உட்காரும் வளையம்) அடித்தால் போதும்.

உள்ளே பிரித்தபோதுதான் வயிறு எரிந்தது. புது கிட் (கார்புரேட்டருக்குள் மாற்றும் பாகங்களின் செட்) போட்டதாக பில்லில் இருக்கிறது, ஆனால் பம்ப் டயாபிராம் பழையதேதான், விரலால் மடக்கியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மிதிக்கும்போது கூடுதலாக ஒரு பீச்சு பெட்ரோல் அடிக்க வேண்டிய பாகம் அது, சிக்னலில் மூச்சடைத்தது இதனால்தான். மெயின் ஜெட்டும் பழையதுதான், நான் முன்பு அடையாளத்துக்கு வைத்த சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு அப்படியே இருந்தது. சோலக்ஸ் ஜெட்டில் அடித்திருக்கும் எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, 120 என்றால் 1.20. என் ஜெட்டில் 120 என்றுதான் இருந்தது, பெரியவர் 1.3 டிரில் பிட்டை எடுத்து விட்டார், தடையில்லாமல் உள்ளே போய் மறுபக்கம் வந்தது. பார்வைக்கு முடியளவு வித்தியாசம்தான், பரப்பளவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. காற்று கசிவதைக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு, லீனை மறைக்கப் பெட்ரோலைக் கொட்டவிட்டிருக்கிறார்கள். எத்தனாலுக்காகக் கூட்ட வேண்டும் என்றால் அடுத்த எண் ஜெட் வாங்கிப் போடுவதுதான் முறை. டிரில் போட்ட துளையை யாராலும் பழையபடி சுருக்க முடியாது. சென்னை புதுப்பேட்டையில் ஆள் விட்டுத் தேடி வேறு ஜெட் வாங்கினேன்.

பெரியவர் கடைசியில்தான் டியூன் பண்ணினார். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை முட்டும்வரை மெதுவாக உள்ளே விட்டு (இறுக்கினால் ஊசி முனையில் வரி விழும்), அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. கலவை இன்ஜினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டில், இன்ஜின் உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் வேக்யூம் கேஜ் மாட்டி, முள் அதிகபட்சம் ஏறும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறைத்தார். ஆரோக்கியமான இன்ஜினுக்கு 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு), முள் நடுங்கக் கூடாது. எனக்கு 18-இல் அசையாமல் நின்றது.

பட்டறைக்குப் போய் ஜெட்டைக் காட்டிக் கேட்டேன். முதலில் "நாங்க தொடவே இல்லண்ணே", சிவப்புப் பொட்டைக் காட்டியதும் "பசங்க யாராச்சும் பண்ணிருப்பாங்க", கிட் பணத்தையாவது கொடுங்கள் என்றால் "ஓனர் வரட்டும்". இப்போது போன் எடுப்பதில்லை. கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண் கிடையாது, மேலே 'எஸ்டிமேட்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. அதையும் ஜெட்டின் போட்டோக்களையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அது முடிகிறவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்கிறார்.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது கிரீம் கலர் அம்பாசடர் ஒன்று அங்கே பானட் திறந்து நின்றது. யாருடையது என்று தெரியவில்லை. உங்களுடையது என்றால், கார்புரேட்டரைக் கழற்றுவதற்குள் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், கழற்றியிருந்தால் ஜெட்டைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.