பழைய ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ஆல்டர்னேட்டர் பிளேட்டை மட்டும் காட்டி ஏமாற்றுகிறார்கள்

ஈரோடு பக்கம் பழைய ஜெனரேட்டர் விற்கிற ஒரு கடையில் எங்கள் மாவு மில்லுக்கு 10 கேவிஏ செட் (டீசல் இன்ஜினும், அது சுற்றிவிடக் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரும் சேர்ந்தது) ஒன்று வாங்கினோம். கடைக்காரர் கணக்கெல்லாம் போட்டுக் காட்டித்தான் கொடுத்தார்: உங்கள் மோட்டார் 7.5 ஹெச்பி, அதாவது ஐந்தரை கிலோவாட் சொச்சம், 10 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் நிஜ வேலைக்கு ஆகிற பங்கு) 8 கிலோவாட் வரும், தாராளமாகப் போதும் அண்ணே என்றார். கணக்கில் தப்பில்லை, செட்டில்தான் தில்லுமுல்லு.

கிளம்பும்போது கரண்டைக் குறைத்து இழுக்கவைக்கிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருப்பதால் மோட்டார் ஒருவழியாகக் கிளம்பிவிட்டது. மிளகாயைக் கொட்டியதுதான் தாமதம், இன்ஜின் திணறிக் கரும்புகை கக்க, ட்யூப்லைட் மங்க, மோட்டார் உறுமிக்கொண்டே வேகம் இறங்கி சுமை மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே தட்டிவிட்டது. போன் செய்தால் "டீசல் ஃபில்டரை மாத்துங்க" என்றார், அடுத்த தடவை "உங்க மோட்டார் காயில் வீக்கா இருக்கும்" என்றார். ஈபி கரண்டில் அதே மோட்டார் நாள் முழுக்க அரைக்கிறதே, அது எப்படி?

கடைசியில் எங்கள் ஊரில் காயில் கட்டுகிற அண்ணன் வந்து, நேரே இன்ஜின் பக்கம் குனிந்து, புது பச்சை பெயின்டுக்கு அடியில் இருந்த பிளேட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். 10 ஹெச்பி, 1500 ஆர்பிஎம். அவ்வளவுதான் விஷயம். 10 ஹெச்பி என்றால் 7.46 கிலோவாட், அதில் ஆல்டர்னேட்டரிலேயே சுமார் 15 சதவீதம் போய்விடும், வயருக்கு வருவது 6.3 கிலோவாட். எங்கள் மோட்டாரின் பிளேட்டில் உள்ள 7.5 ஹெச்பியோ ஷாஃப்டில் கிடைக்கிற சக்தி. அதைக் கொடுக்க அது இழுப்பது ஏறக்குறைய 6.4 கிலோவாட். ஆல்டர்னேட்டர் நிஜமாகவே 10 கேவிஏதான், ஆனால் அந்த எண் அதன் காயில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்குத்தான், சுற்றித் தள்ளுகிற வேலை இன்ஜினுடையது. முழு 8 கிலோவாட் வர வேண்டுமானால் இன்ஜின் 13 ஹெச்பிக்குக் குறையக் கூடாது.

"ஆல்டர்னேட்டர் பத்துதானே, நான் என்ன பொய் சொன்னேன்" என்கிறார் கடைக்காரர் இப்போது. அப்புறம் எதற்கு ஐயா இன்ஜின் பிளேட்டுக்குப் பெயின்ட்?

வாங்கப் போகிறவர்கள் இரண்டு பிளேட்டையும் போட்டோ எடுங்கள், இன்ஜின் ஹெச்பியைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். கடையிலேயே வாட்டர் ஹீட்டர்களை மாட்டி, சொன்ன கிலோவாட்டுக்கு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள், வெறுமனே பல்பு எரியவிட்டுக் காட்டுவதை நம்ப வேண்டாம். சின்ன பெட்ரோல் செட்டிலும் அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் மேக்ஸிமம். தொடர்ந்து ஓட்ட ரேட்டட் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

மில்லுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்றும் மிரட்டிப் பார்த்தார். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான், வழக்கை நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். சுரண்டிய பிளேட்டின் போட்டோவோடு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.