நவம்பரில் எது எடுபடும்: கிரின்னெல் வேகமா, பிளாட்வில் நிதானமா?

கிரின்னெல், பிளாட்வில் இரண்டும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மூன்றாம் பிரிவு அணிகள். அந்தப் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. இருக்கிற பையன்களை வைத்துத்தான் நவம்பரில் சீசனைத் தொடங்க வேண்டும்.

ஆள்: கிரின்னெல் முறையில் ஐவரையும் ஒருசேர மாற்றுவார்கள், 15 பேராவது தேவை. பயிற்சியாளர் போ ரயன் பிளாட்வில்லில் ஆடவைத்த, ஐவரும் இடம் மாறி மாறிப் பந்தைக் கைமாற்றும் 'ஸ்விங்' முறைக்கு எட்டுப் பேர் போதும்.

இலக்கு: முன்னதில் ஓர் ஆட்டத்துக்கு 94 ஷாட், அதில் பாதி மூன்று புள்ளி ஷாட், எதிரணி 32 முறை பந்தைப் பறிகொடுக்க வேண்டும். பின்னதில் பொறுத்திருந்து நல்ல ஷாட்.

சிக்கல்: கிரின்னெல் மைதானம் முழுக்க நெருக்கித் தடுக்கும் பிரஸ் உடைந்தால், எதிரணிக்குக் கூடைக்கு அருகிலிருந்து போடும் லே-அப் இலவசம். 2012 நவம்பரில் கிரின்னெலின் ஜாக் டெய்லர் 138 புள்ளி அடித்த அன்றே எதிரணியில் ஒருவர் 70 அடித்தார்! ஸ்விங்கில் ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது) பிசகினால் பந்து வெளியிலேயே சுற்றும், பழக வாரக்கணக்காகும்.

உயரமில்லாத புது அணிக்குக் கிரின்னெல். சீனியர்கள் திரும்பியிருந்தால் ஸ்விங். பிளாட்வில் 1991 முதல் 1999க்குள் நான்கு பட்டம் வென்றது அதில்தான்.