டிரிம் சென்சார் போச்சா? புதிதாக மாற்றுவதா, வெட்டி ஒட்டுவதா, கேபிள் காட்டி போடுவதா?

மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ் (படகின் பின்னால் இருக்கும், புரொப்பல்லர் உள்ள பகுதி) உள்ள படகு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் டிரிம் கேஜைப் பற்றி, அதாவது டிரைவ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் பற்றி, ஒரு புலம்பல் நிச்சயம் வரும். முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும், அல்லது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் துள்ளும். 1991-இல் வந்த டிரைவ் இது, அமெரிக்க ஏரிகளில் இன்னமும் ஏராளமாக ஓடுகிறது, இன்ஜின் கிண்ணென்று இருக்கும், இந்தச் சென்சார் மட்டும் செத்துப் போயிருக்கும்.

எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. டிரைவைத் தாங்கித் திருப்பும் வளையமான கிம்பல் ரிங்கும் டிரைவும் சேரும் ஹிஞ்ச் பின்னின் (கீல் ஆணியின்) இரண்டு முனைகளிலும் வட்டமான கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும், ஒவ்வொன்றையும் இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். வலப்பக்கம் இருப்பது கோணத்தைக் கேஜுக்குச் சொல்லும் பொசிஷன் சென்சார். இடப்பக்கம் இருப்பது லிமிட் ஸ்விட்ச், அதாவது டிரிம் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல் டிரைவ் ஏறாமல் நிறுத்துவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பக்கத்தில் காசைப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டிரிம் பட்டனில் மேலே ஏறவில்லை, ஆனால் ட்ரெய்லர் பட்டனில் (படகை வண்டியில் ஏற்றும்போது டிரைவை முழுக்கத் தூக்குவது) ஏறுகிறது என்றால் லிமிட் ஸ்விட்ச் பக்கம் பாருங்கள். எதிலுமே ஏறவில்லை என்றால் டிரைவைத் தூக்கும் பம்ப், அதன் எண்ணெய், ஃபியூஸ், அதற்கும் சென்சாருக்கும் சம்பந்தமே இல்லை. டிரைவ் ஒழுங்காக ஏறி இறங்குகிறது, முள்தான் பொய் சொல்கிறது என்றால் பொசிஷன் சென்சார், அல்லது கேஜ், அல்லது நடுவில் உள்ள ஒயர். கேஜின் பின்னால் வரும் பழுப்பு-வெள்ளை ஒயரைக் கழற்றி, சாவியைத் திருப்பிப் பாருங்கள், முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். கேஜின் அந்த முனையை கிரவுண்டில் தொட்டால் மறு கோடிக்குப் போக வேண்டும். போனால் கேஜ் நல்லது. அப்புறம் மல்டிமீட்டரை ஓமில் வைத்து சென்சாரின் இரண்டு ஒயர்களில் பிடியுங்கள். டிரைவ் முழுக்க இறங்கியிருக்கும்போது சுமார் 10 ஓம், முழுக்க ஏறும்போது சுமார் 167. நடுவில் எங்கேயும் தாவாமல் நிதானமாக ஏற வேண்டும். அளந்துகொண்டே ஒயரைக் கையால் ஆட்டிப் பாருங்கள், எண் குதித்தால் சென்சார் நல்லதாகவே இருக்கலாம், ஒயர்தான் போயிருக்கும்.

என் கணிப்பில் பெரும்பாலும் ஒயர்தான். தண்ணீருக்குள் கிடந்து, திரும்பும்போதெல்லாம் வளைந்து, மேலுறை விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் செம்பு இழை வழியாக ஏறிப் போய்விடும். வெட்டிப் பார்த்தால் செம்பு பளபளவென்று இருக்காது, கறுத்துப் போய் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும்.

இதனால்தான் எந்த பிராண்டு வாங்குவது என்ற விவாதமே எனக்கு இரண்டாம்பட்சம். மெர்க்ரூசரைத் தயாரிக்கும் மெர்க்குரியின் அசல் செட் விலை அதிகம், சியாரா மாதிரி மாற்றுத் தயாரிப்புகள் மலிவு, இரண்டுமே ஜோடியாகக் கிடைக்கும், சரியாகப் பொருத்தினால் இரண்டும் வேலை செய்யும். உண்மையான கேள்வி ஒயரை எப்படி உள்ளே கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதுதான்.

முறையான வழி, டிரைவைக் கழற்றி, ட்ரான்ஸம் (படகின் பின்சுவர்) வழியாகப் புது ஒயரை உள்ளே இழுத்து, இன்ஜினுக்கு அடியில் கையை விட்டு இணைப்பது. ஆல்ஃபாவில் ஆறு நட்டு, ஃபார்வர்டு கியரில் போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது 50 அடி-பவுண்டு முறுக்கு, அதாவது 68 நியூட்டன் மீட்டர். தனியாகச் செய்ய வேண்டாம், டிரைவ் கனம். இந்தச் சென்சாருக்காக மட்டும் இவ்வளவு செய்வது அநியாயம்தான். ஆனால் பெல்லோஸ் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் உறை) மாற்றவோ, இன்ஜினிலிருந்து வரும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைப் பார்க்கவோ எப்படியும் டிரைவ் கீழே வரப்போகிறது என்றால், அன்றைக்கே புதுச் செட்டை முழுசாகப் போட்டுவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது வழி, பழைய ஒயரை வெளியிலேயே வெட்டி, புதுச் சென்சாரின் ஒயரை அங்கேயே ஒட்டுவது. மெக்கானிக்குகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நன்னீர் ஏரியில், பயன்படுத்திவிட்டு ட்ரெய்லரில் ஏற்றிவிடும் படகுக்கு இது போதும் என்பேன். நிபந்தனைகள் உண்டு: வெட்டிய இடத்தில் செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும், கறுப்பாக இருந்தால் இன்னும் உள்ளே தள்ளி வெட்டுங்கள், அங்கேயும் கறுப்பு என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் மட்டும்தான், வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு சீசன் தாங்காது. இரண்டு இணைப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம், முன்பின்னாக இருக்கட்டும். வளையாத இடத்தில் கட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டிரைவை முழுக்க ஏற்றி இறக்கி, எங்கேயும் இழுபடவில்லை என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் நிரந்தரமாக நிற்கும் படகுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, மின்சாரமே வேண்டாம் என்று மெக்கானிக்கல் காட்டி. லிவோர்சி, காஃப்ரிக் போன்றவர்கள் செய்வது, வேகப் படகுகளில் பார்த்திருப்பீர்கள்: டிரைவிலிருந்து ஒரு கேபிள் டேஷ்போர்டு வரை வரும், கண்ணாடிக்குள் ஒரு குறி மேலும் கீழும் போகும். கரண்ட் கோளாறு என்ற பேச்சே இல்லை. ஆனால் ட்ரான்ஸமில் புது ஓட்டை போட வேண்டும், அதை ஒழுங்காக அடைக்காவிட்டால் மரத்துக்குள் தண்ணீர் போகும், கேபிளைச் சட்டென்று வளைக்கவும் முடியாது. குடும்பத்தோடு ஏரியில் சுற்றும் படகுக்கு இது அதிகப்படி. அதுவும் லிமிட் ஸ்விட்ச் வேலையை இது செய்யாது.

சென்சாரே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. முழுக்க இறக்கிவிட்டு, பட்டனை எத்தனை நொடி பிடித்தோம் என்று எண்ணி, முன்பக்கம் குதிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் இறக்கி. அது பரவாயில்லை, கை பழகிவிடும். ஆனால் லிமிட் ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுவது வேறு கதை. ஸ்விட்ச் கெட்டதா என்று சோதிக்க அந்த வித்தை சரி, நிரந்தரமாக விட்டால் வேகத்தில் போகும்போதே டிரைவ் கிம்பல் ரிங்கின் பக்கத் தாங்கலை விட்டு மேலே ஏறிவிடும், தண்டு வளையும் இடமான யு-ஜாயின்ட்டும், கிம்பல் ரிங்கைத் தாங்கும் கிம்பல் ஹவுஸிங்கும் பலியாகும். அந்தச் செலவுக்கு முன்னால் ஒரு செட் சென்சார் ஒன்றுமே இல்லை.

பொருத்தும்போது, பழைய ஸ்க்ரூக்களை அவசரப்பட்டுத் திருகாதீர்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் பிடித்துக்கொண்டிருக்கும், எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விட்டு, கொஞ்சம் சூடு காட்டித் திருகினால் தலை உடையாது. டிரைவ் முழுக்க இறங்கியிருக்க, சென்சாரின் குறிகளை நேராக வைத்து ஹிஞ்ச் பின்னில் உட்கார வையுங்கள். ஸ்க்ரூவைத் தளர்வாக விட்டு, கேஜ் முள் அடிக்கோட்டைத் தொடும் வரை டப்பாவை மெல்லத் திருப்பி, அப்புறம் இறுக்குங்கள். லிமிட் ஸ்விட்சுக்கு மட்டும் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள, டிரைவைத் தூக்கும் சிலிண்டர் எவ்வளவு நீளலாம் என்ற அளவை வைத்தே சரிசெய்யுங்கள், கண் மதிப்பு வேண்டாம். ஸ்மார்ட்கிராஃப்ட் (மெர்க்குரியின் டிஜிட்டல் தகவல் முறை) உள்ள புதிய படகு என்றால் மூன்று ஒயர் டிஜிட்டல் சென்சார் இருக்கும், அதற்கு 5 வோல்ட் போகும், ஓம் அளந்தால் ஒன்றும் புரியாது, வோல்ட்டைத்தான் பார்க்க வேண்டும். பழைய இரண்டு ஒயர் செட் விலை குறைவு என்று அதில் மாட்டினால் வேலை செய்யாது.