பீஷ்மாவுக்கு ஸ்பிரிங் சுற்றிய அம்பத்தூர் பட்டறை

ரிமோட்டில் ஓடும் என் மாடல் ராணுவ டாங்கிக்கு ஸ்பிரிங் சுற்றித் தருவீர்களா என்று கேட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் நான்கு பட்டறை ஏறி இறங்கினேன். மூன்றில் "ஆயிரம் பீஸ்னா சொல்லுங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். நான்காவதில் இருந்த பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த சக்கரக் கையை (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) வாங்கி விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு வெயிட் தாங்கணும் தம்பி?"

"நாலு கிலோ எண்ணூறு."

"அதுல சக்கரமும் செயினும் எவ்வளவு? அது தரையில நிக்கிற வெயிட்டாச்சே, ஸ்பிரிங் மேல ஏறாதே."

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றி எடைபோட்டேன். சக்கரம், கை, செயின் சேர்த்து 1.2 கிலோ. ஆக ஸ்பிரிங்குகள் தாங்குவது 3.6 கிலோதான், பன்னிரண்டு சக்கரத்துக்குப் பிரித்தால் சராசரியாக 300 கிராம். இந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பட்டறையைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது 16-ல் ஒரு பங்கு அளவிலான டி-90. எங்கள் வீடு ஆவடியில். அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1965-ல் விஜயந்தா, அப்புறம் டி-72 அஜேயா, 2009-லிருந்து டி-90 பீஷ்மா என்று எல்லாம் வெளியே வந்த ஊர் இது. அதனால் மாடல் வாங்குவது என்று வந்தபோது வேறு எந்த டாங்கியும் மனசில் வரவில்லை. ஒவ்வொரு பக்கமும் ஆறு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கை, கையின் மூட்டில் ஒரு சின்ன முறுக்கு ஸ்பிரிங். நிஜ வண்டியில் அந்த இடத்தில் டார்ஷன் பார் இருக்கும்: வண்டியின் அடித்தரையில் குறுக்கே கிடக்கும் எஃகுத் தண்டு. சக்கரம் மேலே ஏறும்போது அந்தத் தண்டு முறுக்கிக்கொள்ளும், பள்ளம் வந்ததும் திரும்ப விடும்.

மாடலோடு வந்த ஸ்பிரிங்குகளின் குறை என்னவென்றால், பன்னிரண்டும் ஒரே மாதிரி. டி-90-க்கு இழுக்கும் பல்சக்கரம் பின்னால். மாடலிலும் மோட்டாரும் கியர் பெட்டியும் பின்னால்தான். பிளாஸ்டிக் கியரையும் செயினையும் நான் உலோகத்துக்கு மாற்றியபோது பின்பக்கம் இன்னும் கனத்தது. இரண்டு சமையலறைத் தராசுகளை வைத்து ஸ்பிரிங் தாங்கும் எடையை மட்டும் கணக்கிட்டதில் முன்பாதி 1.5 கிலோ, பின்பாதி 2.1 கிலோ. சில மாதங்களில் பின் ஸ்பிரிங்குகள் சோர்ந்து, கை போய் முட்டிக்கொண்டு நின்றது. முன் சக்கரங்களோ அசையவே அசையாது. மொட்டை மாடியில் ஒரு ரீப்பர் கட்டையை ஏறிக் கடக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு பலகை மாதிரி ஏறி, பலகை மாதிரியே விழும்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, டாங்கி ஏறும்போது தொப்பை அசையக்கூடாது, காலுதான் அசையணும்" என்றார். அந்த வார்த்தையை அப்படியே பட்டறையில் போய்ச் சொன்னேன். பெரியவர் சிரித்து, "உங்கப்பா ஆவடி ஃபேக்டரியா?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தாரோ.

கம்பியின் தடிமன்தான் இந்த வேலையின் உயிர். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 1 மில்லிமீட்டரிலிருந்து 0.9-க்கு இறங்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 0.8-க்கு இறங்கினால் பாதிக்கும் குறைவு. சுற்றுகளைக் கூட்டினால் இளகும், குறைத்தால் விறைக்கும். அது எதிர்விகிதக் கணக்கு. முதல் நான்கு சக்கரங்களுக்கு 0.9, கடைசி இரண்டுக்கு 1 மில்லி என்று அவரே பிரித்துத் தந்தார். கை அதே, சுற்று எண்ணிக்கை அதே, கம்பி மட்டும் வேறு.

இன்னொன்றையும் அவர்தான் பிடித்தார். இந்த வகை ஸ்பிரிங்கில் சுமை ஏறும்போது சுருள் இறுகும் திசையில்தான் சுற்றியிருக்க வேண்டும். விரியும் திசையில் சுமை ஏற்றினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அப்படியானால் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் எதிரெதிர்ச் சுற்று வேண்டும். என் மாடலில் இருந்த பழையவற்றை எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டும் ஒரே சுற்று! ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சாய்ந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. வீட்டில் சொன்னபோது அப்பா, "டார்ஷன் பாரும் அப்படித்தான், முன்கூட்டியே முறுக்கி வச்சது, இந்தப் பக்கத்தத அந்தப் பக்கம் போடக்கூடாது" என்றார்.

சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவிட்டார். மூட்டில் ஸ்பிரிங் கோத்திருக்கும் ஊசி 4 மில்லி. சுருள் இறுகும்போது உள்விட்டம் குறையும் என்பதால் 4.6 வருகிற மாதிரி வைத்தார். ஆனால் சுற்றிய உருளை அதைவிடச் சின்னது. கம்பியை விட்டதும் அது கொஞ்சம் அவிழ்ந்து பெரிதாகும், அந்தக் கணக்கு அவர் கையில் இருக்கிறது. சுற்றி முடித்த பிறகு சின்ன அடுப்பில் 250 டிகிரி வாக்கில் அரை மணி நேரம். வெள்ளைக் கம்பி வைக்கோல் நிறத்துக்கு வந்தது. இந்தச் சூடு காட்டாத ஸ்பிரிங் நாலு வாரத்தில் தளர்ந்துவிடுமாம். சூட்டில் ஸ்பிரிங்கின் கால்களின், அதாவது நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளின், கோணம் லேசாக மாறும், அதற்கும் முன்னாலேயே இடம் விட்டுச் சுற்றியிருந்தார். முதலில் சுற்றிய மூன்றை, கோணம் சரியில்லை என்று அவரே டப்பாவில் போட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை.

உபரி நான்கும் சேர்த்து மொத்தம் 16. ஒன்று 35 ரூபாய், ஆக 560. பழைய ஸ்பிரிங் மாதிரியே ரெடிமேடாக ஒரு செட் வரவழைக்க இதைவிட மூன்று மடங்கு கேட்டார்கள், அதுவும் பன்னிரண்டும் ஒரே விறைப்பு.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை என்றார், செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. எண்ணிக்கையில் பிசகி வலச்சுற்று 9, இடச்சுற்று 7 வந்தது. வீட்டில் போய்த்தான் கவனித்தேன், திரும்ப சி.டி.எச் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம். போனதும் மன்னிப்புக் கேட்டு உடனே ஒன்று சுற்றித் தந்தார் என்றாலும், கடையிலேயே எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நான்கு ஸ்பிரிங்கில் கால் நீளம் ஒரு மில்லி கூடுதலாக இருந்தது, அரத்தால் தேய்த்துச் சரிசெய்தேன். பில் கிடையாது.

மாட்டி முடித்ததும் வண்டி அடிவயிறு தரையிலிருந்து 28 மில்லி உயரத்தில் நின்றது, முன்னும் பின்னும் ஒரே மட்டம். நின்ற நிலையில் கை 5 மில்லி அமிழ்ந்திருந்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது வேறொரு தொல்லை: தடையைத் தாண்டியதும் படபடவென்று துள்ளியது. இது பட்டறையின் தவறு இல்லை, அளவு சின்னதாவதன் இயல்பு. நீளம் 16 மடங்கு சுருங்கினால் ஆட்டம் 4 மடங்கு வேகமாகும். போதாததற்கு நிஜ டி-90 46.5 டன், அதே விகிதத்தில் மாடல் 11 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். நம்முடையது அதில் பாதிகூட இல்லை. வெறும் ஸ்பிரிங்கால் இதைச் சரிசெய்ய முடியாது, ஆட்டத்தை அடக்க ஏதாவது வேண்டும்.

நிஜ வண்டியில் 1, 2, 6 என்ற மூன்று சக்கரங்களுக்குத்தான் எண்ணெய் ஷாக் அப்சார்பர் உண்டு. அதே மூன்று இடங்களில், இரு பக்கமும், கையின் மூட்டில் கெட்டியான சிலிகான் கிரீஸை அடைத்தேன். ரிமோட் கார்களின் டிஃபரன்ஷியலுக்குப் போடுகிற தேன் போன்ற கிரீஸ். மற்ற சக்கரங்களுக்குச் சாதாரண மெல்லிய எண்ணெய். எல்லாவற்றிலும் கெட்டி கிரீஸ் போட்டுப் பார்த்தேன், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவே சோம்பியது. அதனால் ஆறு இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். மொபைலில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்துப் பார்த்தால், கட்டை மேல் ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்குகிறது, மேலே டரெட் (பீரங்கிக் கூண்டு) கிட்டத்தட்ட நேராகவே போகிறது. அப்பா நாற்காலியை மாடிக்குக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது. "ம்" என்றார். அவரிடம் அது பெரிய வார்த்தை.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். வரைபடம் எடுத்துப் போனால் அவர் பார்ப்பதில்லை. சக்கரக் கை, ஊசி, பழைய ஸ்பிரிங் மூன்றையும் கையில் கொண்டுபோங்கள். எடையைச் சக்கரமும் செயினும் கழித்துச் சொல்லுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், தூங்குவார், எழுப்ப வேண்டாம். பெயர்ப்பலகை கிடையாது. எஸ்டேட்டின் குறுக்குத் தெருக்களில் வாசலில் கம்பிச் சுருள்களை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருக்கும் ஒற்றை ஷட்டர் கடையைத் தேடுங்கள்.