டி டிரைவைப் பெரிசாக்கித் தாங்கோ என்று நான் கேட்ட கதை

கிளிநொச்சிப் பக்கம் வீட்டுக் கம்பியூட்டருக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க் பூட்ட இருப்பவர்கள் கடைக்குப் போகமுன் இதை ஒருக்கால் வாசியுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு கடையைத்தான் தவிர்ப்பீர்கள். இதே வேலையைச் செய்கிற கடைகள் வேறும் இருக்கும். அதனால் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் விசுவமடுப் பக்கம். வயலும் கொஞ்சம் தென்னையும்தான் தொழில். கம்பியூட்டர் வைத்திருப்பது ஒரே அலுவலுக்கு: பழைய படங்கள். 2009க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அல்பம் மிஞ்சிய வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். பதுங்குகுழியில் விட்டது, வழியில் போட்டது, நனைந்து ஒட்டிப்போனது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை. ஆனால் எண்பதுகளில் கலியாணம், சாமத்தியவீடு என்று எது நடந்தாலும் ஒரு படத்தைக் கடிதத்தோடு லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ அனுப்பிவைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அந்தப் படங்கள் அங்கே பத்திரமாகக் கிடந்தன. அவற்றைத் திரும்ப எடுத்துச் சேர்க்கத் தொடங்கினேன். முதலில் எங்கள் குடும்பத்துக்கு, அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம்.

தபாலட்டை அளவுப் படமொன்றை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணி, தரம் குறையாமல் டிஃப் கோப்பாக வைத்தால் 25 எம்பி வரும். கலியாண வீடியோ கசட் என்றால், நான் மாற்றிவைக்கிற முறையில் மணித்தியாலத்துக்கு 13 ஜிபி. என் பெட்டியில் இருந்தது 500 ஜிபி டிஸ்க். வின்டோஸ் அதை 465 என்று காட்டும். (அது களவு இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், வின்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 2 டெரா வாங்கினால் 1.81 என்றுதான் தெரியும். இதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், சண்டைக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.) அதை சி, டி என்று இரண்டு டிரைவாகப் பிரித்திருந்தது: வின்டோஸ் இருக்கிற சிக்கு 100, மிச்சம் 365 படங்கள் இருக்கிற டிக்கு. டி நிரம்பி, சிவப்புக் கோடு வந்துவிட்டது.

காலபோக நெல் விற்ற காசு கையில் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏ9 வீதியோரக் கடையொன்றுக்குப் போனேன். நல்ல மரியாதையான பெடியன்.

"அண்ணை, ரெண்டு டெரா போடுவம். புதுச் சாமான், ஒரு வருஷம் வாரண்டி."

"டி நிரம்பிப் போச்சு தம்பி. அதைப் பெரிசாக்கித் தாங்கோ. புதுசா இன்னொரு எழுத்து வந்தா எனக்குக் குழம்பும்."

"சின்ன வேலை அண்ணை. பின்னேரம் வந்து எடுங்கோ."

டிஸ்குக்கு 18,500, பூட்டுக்கூலி 1,500. பின்னேரம் போனபோது பெட்டி மூடி, திருகாணி இறுக்கி, துடைத்தும் வைத்திருந்தார்கள். போட்டுக் காட்டினார்கள். டி டிரைவ் 2.17 டெரா! படங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்களே என்று இரண்டு பேரிடம் அந்தக் கடையைச் சொல்லியும் விட்டேன். அவர்களிடம் இப்போது முகம் கொடுக்க வெட்கமாக இருக்கிறது.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஆவணியில் ஒருநாள் பெட்டியைப் போட்டதும் உள்ளே டிக் டிக் என்று சத்தம். வின்டோஸ் வந்தது, சி வந்தது. டி இல்லை. புதுப் படங்கள் மட்டுமில்லை, ஏழு வருஷமாகச் சேர்த்த பழைய படங்களும் இல்லை. இதுதான் எனக்கு விளங்கவில்லை. பழசுகள் எல்லாம் பழைய டிஸ்கில்தானே இருந்தன? அந்தப் பழைய டிஸ்கிலிருந்துதானே வின்டோஸ் இப்போதும் வருகிறது?

கடைக்குப் போன் எடுத்தேன். "அது வின்டோஸ் பிழை அண்ணை, கொண்டு வாங்கோ, ஃபோர்மட் அடிச்சு விடுவம்." அந்தச் சொல்லைக் கேட்டதும் கொண்டுபோகாமல் விட்டது என் நல்ல காலம். பெட்டியை உரப்பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். தம்பியின் மகன் அங்கே பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

பெட்டியைத் திறந்து டிஸ்கை வெளியே எடுத்தவன், வயர் ஒன்றும் பூட்டாமலே சொன்னான்: "பெரியப்பா, இது சீசீடிவி கேமராப் பெட்டிக்குள்ள கிடந்து வந்த சாமான்."

பக்கத் திருகாணித் துளைகளைச் சுற்றி வெள்ளைக் கீறல்கள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரே ஒரு தடவை பூட்டிய டிஸ்கில் இவ்வளவு தேய்மானம் வராது. சேட்டா என்ற டேட்டா வயர் செருகும் இடத்திலும் பலதடவை செருகி இழுத்த அடையாளம். மேலே ஒட்டியிருந்த லேபலின் ஒரு மூலை தடிப்பாக இருந்தது. நகத்தால் கிளப்பினால் கீழே இன்னொரு லேபல். அதிலிருந்த மொடல் இலக்கம் சீசீடிவிக்கென்று செய்யும் வகை. அந்த வகை மோசமானது இல்லை. இரவு பகலாக எழுதிக்கொண்டிருக்கவே செய்யப்படுவது. ஆனால் ஏற்கனவே எழுதி எழுதிக் களைத்ததைப் புதுசு என்று விற்பது வேறு கதை.

பிறகு பூட்டி, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தான். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் தன் சாதகத்தைத் தானே எழுதிவைக்கிறது, ஸ்மார்ட் என்று பெயர். ஓடிய நேரம் 31 ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல். ஒரு வருஷத்துக்கு 8,760 மணித்தியாலம். கணக்குப் பார்த்தால் நிற்காமல் மூன்றரை வருஷ ஓட்டம். நான் ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் பாவிக்கிற ஆள், என் பங்கு அறுநூறும் வராது. அதைவிடப் பெரிய சாட்சி அடுத்த வரி: டிஸ்கைத் தொடக்கிய தடவைகள், 200க்குக் கொஞ்சம் மேல். அதில் என் ஐந்து மாதமே 150 வரும். மிச்சம் ஐம்பது, அறுபது தடவையில் முப்பதாயிரம் மணித்தியாலம் ஓடியிருக்கிறது. வீட்டுக் கம்பியூட்டர் எதுவும் அப்படி ஓடாது. 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகள் பழுதான இடங்களைக் காட்டுபவை. மூன்றிலும் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் எண்கள்.

இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். கடையில், காசு கொடுக்கமுன், அவர்களுடைய கம்பியூட்டரிலேயே பார்க்கலாம். புது டிஸ்க் என்றால் ஓடிய நேரம் சுழியமாகவோ ஒன்றிரண்டாகவோ இருக்கும். இந்த எண்ணையும் அழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அப்படித்தான், பாவித்த சீகேட் சேர்வர் டிஸ்குகளின் கணக்கைச் சுழியமாக்கிப் புதுசு என்று இடைவியாபாரிகள் விற்றது வெளியே வந்தது. டிஸ்குக்குள் ஃபார்ம் என்ற தனிப் பதிவு ஒன்று இருந்தது, அதை அழிக்க மறந்துவிட்டார்கள். எனக்கு விற்றவர்கள் அந்தளவு சிரமமும் எடுக்கவில்லை. லேபலோடு நிறுத்திக்கொண்டார்கள். விசுவமடுக்காரன் எங்கே இதையெல்லாம் பார்க்கப்போகிறான் என்ற நம்பிக்கை.

சரி, பழைய சாமானை விற்றது ஏமாற்று. ஆனால் என் படங்களைக் கொன்றது அதில்லை, இரண்டாவது வேலைதான். 'டியைப் பெரிசாக்கு' என்றேன் அல்லவா, சொன்னபடியே செய்திருக்கிறார்கள். வின்டோஸில் டிஸ்குகளைப் பிரிக்கிற இடமான டிஸ்க் மேனேஜ்மென்டில் டியின் மேல் வலது கிளிக், எக்ஸ்டென்ட் வால்யூம், புது டிஸ்கைக் காட்டி ஓகே. அப்படிச் செய்தால் வின்டோஸ் இரண்டு டிஸ்குகளையும் டைனமிக் என்ற வகைக்கு மாற்றி, இரண்டிலும் பரந்து கிடக்கிற ஒரே டிரைவாக்கிவிடும். மாற்றமுன் எச்சரிக்கைப் பெட்டியொன்றும் வரும். அதை யார் வாசிக்கிறார்கள்? வின்டோஸ் ஹோம் என்ற பதிப்பு என்றால் இந்த டைனமிக் வழியே கிடையாது. எனக்குக் கடைகளில் வழக்கமாகப் போட்டுத் தருவது ப்ரோ என்ற பதிப்பு.

வயல்காரனுக்கு விளங்கும்படி சொன்னால், பக்கத்து வயலோடு இருந்த வரம்பை வெட்டி ஒரே வயலாக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கக் கட்டு உடைந்தபோது இந்தப் பக்கத் தண்ணீரும் சேர்ந்து போய்விட்டது. பழைய டிஸ்க் இன்றைக்கும் கல்லுமாதிரி இருக்கிறது. ஆனால் பாதி டிரைவை வின்டோஸ் திறக்காது.

உங்கள் பெட்டியிலும் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது லேசு. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் ஒவ்வொரு பகுதிக்கு மேலும் ஒரு நிறக்கோடு இருக்கும். சாதாரணமானது கடும் நீலம். ஒரே எழுத்து இரண்டு டிஸ்குகளிலும் ஊதாக் கோட்டோடு தெரிந்தால் உங்கள் வரம்பும் வெட்டப்பட்டுவிட்டது. அங்கே வேறெதையும் தொடாதீர்கள். பேசிக் என்ற சாதாரண வகைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம், வின்டோஸ் அதைச் செய்ய டிரைவையே அழிக்கும். முதலில் உள்ளே இருப்பதை முழுதாக வெளியே கொப்பி பண்ணுங்கள்.

முறையாகச் செய்தால் பத்து நிமிட வேலை என்பதுதான் எரிச்சல். டேட்டா வயர், பவர் வயர் இரண்டும் பூட்டி, டிஸ்க் மேனேஜ்மென்டில் புது டிஸ்கை ஜிபிடி என்ற புதிய முறையில் தொடக்கி, நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து, கோப்பு முறைக்கு என்டிஎஃப்எஸ் தெரிந்து, ஈ என்று எழுத்து வைத்தால் முடிந்தது. எம்பிஆர் என்ற பழைய முறையில் தொடக்கினால் 2 டெராவுக்கு மேலுள்ள இடம் பாவிக்க வராது, நாளைக்கு 4 டெரா வாங்குபவர்களுக்கு இது உதவும். தொடக்கும்போது எந்த டிஸ்க் என்று கொள்ளளவைப் பார்த்து இரண்டு தரம் உறுதிப்படுத்துங்கள். என்னைப்போல இன்னொரு எழுத்து வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறதாம். எழுத்து கொடுக்கும் இடத்திலேயே, டிக்குள் இருக்கிற வெறும் ஃபோல்டர் ஒன்றைக் காட்டிவிட்டால் புது டிஸ்க் அந்த ஃபோல்டராகவே திறக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது அப்படியே நிற்கும். நான் கேட்டதும் இதுதான். அந்தப் பெடியனுக்கு இது தெரியாதா, தெரிந்தும் சோம்பலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மீட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெறாமகன் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் சாகக்கிடந்த டிஸ்கை அப்படியே புது டிஸ்கொன்றுக்குப் பிரதி எடுத்தான். மூன்று நாள் ஓடியது. வின்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக் டிஸ்கை ஓடவிடவில்லை, பழுதான டிஸ்கை அது இன்னும் வருத்துமாம். எந்தப் படம் எங்கே கிடக்கிறது என்று எழுதிய டியின் கணக்குப் புத்தகம் பழைய பாதியில் இருந்ததால் பழைய படங்கள் எல்லாம் வந்துவிட்டன. கடைசி ஐந்து மாதத்தில் சேர்த்த 1,100 படங்களில் 340 சரியாகத் திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, திறந்தால் மேல் பாதி முகம், கீழே வெறும் கறுப்பு.

கடைக்கும் போனேன். பற்றுச்சீட்டைக் காட்டினேன். கையெழுத்தில் 'ஹார்ட் டிஸ்க் 2 டெரா - 1' என்று மட்டும் இருந்தது. "இது எங்கட டிஸ்க்தான் எண்டு எப்படி அண்ணை சொல்லுறியள்? சீரியல் நம்பர் இல்லையே." கடைக்காரர் எழுதாமல் விட்டது அவருக்கே சாட்சியாக நின்றது. கடைசியில் 5,000 தருகிறேன் என்றார், வாங்கவில்லை. முறைப்பாடு சொல்ல பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. சீரியல் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு கையில் இருந்திருந்தால் கடை வாசலில் நின்றே அழைத்திருப்பேன். டிஸ்கைப் பெட்டிக்குள் பூட்டமுன் உறையோடு காட்டச் சொல்லி, லேபலைப் போனில் படமெடுத்து, அதே இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். 'பின்னேரம் வாங்கோ' என்றால் பக்கத்தில் கதிரை போட்டு இருங்கள்.

திறக்காத 340இல் பெரும்பகுதி ஒரே ஒரு அல்பம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு டொரன்டோவிலிருந்து வந்த அக்கா ஒருவர் கொண்டுவந்தது. இரண்டு இரவு முழித்திருந்து ஸ்கேன் பண்ணிவிட்டு அல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன கிழமை நடந்ததை அவருக்குச் சொல்லி, கூச்சத்தோடு மறுபடி கேட்டேன். "அது பத்திரமா இருக்கு தம்பி. அடுத்த பொங்கலுக்கு வரேக்க கொண்டு வாறன்" என்றார். வைகாசிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. புது டிஸ்க் இரண்டு வாங்கிவிட்டேன், இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஒன்று தம்பி வீட்டில் வவுனியாவில் கிடக்கிறது.