ஈம் கிராமமும் அதன் கோயிலும்: இங்கிலாந்து போனால் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஷெஃபீல்டில் மகள் வீட்டில் நின்றபோது மருமகன் ஒருநாள் ஈம் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். டார்பிஷயர் மலைப்பக்கத்துச் சின்னக் கிராமம், எல்லாம் கல் வீடுகள், நடுவில் புனித லோரன்சியார் கோயில். கோயிலுக்குள் போகக் காசு இல்லை, மனமிருந்தால் உண்டியலில் போடலாம்.

1665 இல் லண்டனிலிருந்து இங்கே ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணிப்பொதி வந்ததாம், அதிலிருந்த தெள்ளோடு கொள்ளைநோயும் வந்தது என்கிறார்கள். அடுத்த வருடம் சாவு கூடியபோது குருவானவர் வில்லியம் மொம்பெசனும் முன்பு அங்கே குருவாக இருந்த தோமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து பேச, அயலூருக்கு நோய் போகக்கூடாது என்பதற்காக ஊரெல்லையைத் தாண்டுவதில்லை என்று சனம் ஒப்புக்கொண்டது. வெளியூரார் சாமானை எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள், இவர்கள் கல்லில் குடைந்த குழிகளில், காசோடு நோய் போகாமலிருக்க வினாகிரி ஊற்றி அதற்குள் காசைப் போட்டு வைப்பார்கள். அந்தக் கல் இப்போதும் இருக்கிறது, குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கோயிலைப் பூட்டிவிட்டு ஆராதனையை வெளியே ஒரு பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று நடத்தியிருக்கிறார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 260 பேர்.

முதலில் கோயிலுக்குள் அந்தப் பெயர்களை வாசியுங்கள், அப்புறம் சேமக்காலைக்கு வாருங்கள். 8 ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்றும், பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டுப் புருஷனோடு நின்று இறந்த மொம்பெசனின் மனைவி கதரினின் கல்லறையும் அங்கேதான். பக்கத்து வீடுகளில் யார் யார் இறந்தார்கள் என்று பலகை இருக்கிறது, ஆனால் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் கமராவை நீட்டவேண்டாம்.

ஊருக்கு வெளியே ரைலி கல்லறைகளை விட்டுவிடாதீர்கள். ஏற்றம்தான், நல்ல சப்பாத்து வேண்டும். எலிசபெத் ஹான்கொக் என்ற தாய் 1666 ஆகஸ்டில் எட்டு நாளுக்குள் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்த இடம், சுற்றி வட்ட மதில். 2004 சுனாமியில் மட்டக்களப்பு நாவலடியில் வீட்டோடு எல்லாரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக மிஞ்சிய தாய்மாரை எனக்குத் தெரியும், அவர்களுடைய முகம்தான் வந்தது. "மாமி, போவோமா" என்று மருமகன் கேட்கும்வரை மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அந்தப் பள்ளத்தாக்கிலேயே வருடாவருடம் நினைவு ஆராதனை நடக்கிறது. அடுத்த முறை எனக்கு ஆகஸ்டில்தான் டிக்கெட் போடவேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.