224 இடமா, 300 இடமா: அல்சூரிலிருந்து ஒரு கணக்கு

மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதி எல்லைகளை மறுபடி வரைந்தால் கர்நாடக சட்டமன்றத்தில் எத்தனை இடம் இருக்க வேண்டும்? இன்று 224 இடங்கள். பெங்களூரு நகர மாவட்டத்துக்கு 28, அதாவது எட்டில் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 5.28 கோடி, மாவட்டத்தில் 65 லட்சம். ஏறக்குறைய அதே எட்டில் ஒன்று. அந்தக் கணக்கில் வரைந்த எல்லைகள்தான் 2008 தேர்தலிலிருந்து இருக்கின்றன. ஆனால் 2011-லேயே மாவட்டம் 96 லட்சத்தைத் தொட்டுவிட்டது.

முன்னால் மூன்று வழிகள். இப்படியே விடலாம் என்பது முதல் வழி. 2023-ல் புறநகரான மகாதேவபுராவில் 6 லட்சம் வாக்காளர்கள், அல்சூர் இருக்கும் சிவாஜிநகரில் சுமார் 2 லட்சம். இரண்டுக்கும் தலா ஒரு எம்.எல்.ஏ. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, 224-ஐத் தொடாமல் உள்ளே பங்கு மாற்றுவது. 2011 கணக்குப்படியே பெங்களூருவுக்கு 35 வரும். அந்த ஏழு இடத்தை இழக்கும் மாவட்டங்கள் சும்மா இருக்காது, அது தனிச் சண்டை. நகரத்துக்கு லாபம்தானே என்று அல்சூர், பிரேசர் டவுன் பக்கத் தமிழர்கள் உடனே கைதட்ட வேண்டாம். கூடுதல் இடமெல்லாம் வொயிட்பீல்டு, பொம்மனஹள்ளி போன்ற புறநகருக்குத்தான் போகும். மாநிலத்தில் தொகுதிக்குச் சராசரி 2.4 லட்சம் வாக்காளர்கள். சிவாஜிநகர் அதற்கும் கீழே. அப்புறம் என்ன, பக்கத்து வார்டுகளை இழுத்து ஒட்டுவார்கள், இல்லை இதையே பிரித்துப் பங்கு போடுவார்கள். போன முறை பாரதிநகர் தொகுதி பட்டியலிலிருந்தே காணாமல் போனது. தமிழில் ஓட்டுக் கேட்டே ஆகவேண்டிய தெருக்கள் நாலு தொகுதிக்குச் சிதறினால், எந்த வேட்பாளருக்கும் அந்தக் கட்டாயம் இருக்காது.

மூன்றாவது, மொத்தத்தையே கூட்டுவது. அரசியல் சட்டம் 500 வரை அனுமதிக்கிறது. பேச்சுக்கு 300 என்று வைத்தால் சராசரி 1.77 லட்சமாக இறங்கும். சிவாஜிநகர் யாரையும் ஒட்டாமல் தன் காலிலேயே நிற்கும். பெங்களூருவுக்கு 47 வரும், வட கர்நாடகத்தில் யாரும் பறிகொடுக்க வேண்டாம். சம்பளமும் படியும் கூடும், சரி, கூடட்டும். என் ஓட்டு இதற்கே.

இதிலும் ஒரு கண் வைக்க வேண்டிய இடம் உண்டு. இதே பக்கத்திலுள்ள புலகேசிநகரும் சி.வி.ராமன் நகரும் இன்று தனித்தொகுதிகள். பட்டியல் சாதியினரின் விகிதம் எங்கே அதிகம் என்பதைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். எல்லை சிறிதாகும்போது ஒரு குடிசைப் பகுதி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே ஒதுக்கீட்டை மாற்றிவிடலாம். தொகுதி மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது, இடங்களின் எண்ணிக்கையோடு இந்த இரண்டு தொகுதிகளின் வரைபடத்தையும் கையில் கொண்டுபோக வேண்டும்.